தேக்காவுக்காகத் தேம்புவோர்

தேக்கா இப்போது பழைய தேக்காவாக இல்லை என்னும் புலம்பல், சிங்கப்பூர்த் தமிழர் கூடும் இடமெல்லாம் ஒலிக்கின்றது. திருமண விருந்து முடிந்து வெற்றிலை மடிக்கையிலும், கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்து இளைப்பாறுகையிலும் இப்பேச்சு எழாமற் போவதில்லை. தரை மாறிவிட்டது, கடைகள் இடம் மாறிவிட்டன, பழகிய முகங்கள் மறைந்துவிட்டன, பேரம் பேச வழியில்லை, விலையும் ஏறிவிட்டது என்று குறைகள் ஒவ்வொன்றாய் அடுக்கப்படும். கேட்போரும் தலையசைத்துப் பெருமூச்செறிவர். பின்னர்ப் புலம்பியவரும் கேட்டவரும் வீடு திரும்பும் வழியில் குளிரூட்டிய பேரங்காடியில் நுழைவர்; நெகிழித்தாளில் சுற்றிய வெண்டைக்காயை எடுப்பர்; எவரிடமும் ஒரு சொல்லும் பேசாது பணம் செலுத்தி வெளியேறுவர்.

இம்முரண்பாட்டை இனியும் மூடி மறைத்தல் தகாது. சந்தை மெலிவதற்குக் கட்டடத்தைப் பழிப்பது எளிது. அங்குச் செல்ல மறந்த கால்களைப் பழிப்பதே அரிது.

முதற்கண், பழைய தேக்கா என்பது எது? 1915ஆம் ஆண்டில் எழுந்த கண்டாங் கெர்பாவ் சந்தையா? கண்டாங் கெர்பாவ் என்பது மலாய் மொழியில் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். சிராங்கூன் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வணிகத்தின் நிலைக்களமாக விளங்கியது. சந்தையை ஒட்டிச் செல்லும் பஃப்ளோ சாலையின் பெயர் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது. தேக்கா என்னும் பெயரோ ஹொக்கியன் மொழியினின்று வந்தது. மூங்கிலடி என்பது அதன் பொருள். அங்கு ஒருகாலத்தில் மூங்கில் வளர்ந்திருந்தமையால் அப்பெயர் வாய்த்தது. ஆக, மலாயும் சீனமும் பெயரிட, தமிழரும் பிறரும் கூடைகளோடு திரண்ட இடம் அது. அது தமிழர்க்கே உரிய சந்தையாக இருந்தது என்றும், பிறர் வந்து கெடுத்தனர் என்றும் கூறுவோர் வரலாறு அறியாதவர். சீன மீன்கடைக்காரரிடம் மலாய் மொழியில் விலை கேட்டு வாங்கிய பாட்டிமார் ஒருநாளும் அவ்வாறு சொல்லியிரார்.

1980களின் தொடக்கத்தில் அப்பழைய சந்தை சாலையின் மறுபுறத்தில் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. கீழே காய்கறி, மீன், இறைச்சிக் கடைகளும் உணவுக் கடைகளும். மேலே துணிக்கடைகளும் தையற்கடைகளும் என அமைந்த அந்நிலையத்திற்கு ஜூஜியாவ் என்று பெயர் சூட்டப்பட்டது. அதே மூங்கிலடியை மாண்டரின் ஒலியில் எழுதிய பெயர் அது. பலகையில் அப்பெயர் ஏறியதேயன்றி மக்கள் நாவில் ஏறவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் பலகை ஒன்று சொல்ல, மக்கள் வேறொன்று சொல்லி வந்தனர். இறுதியில் 2000ஆம் ஆண்டில் பலகையே பணிந்தது. தேக்கா நிலையம் என்னும் பெயர் முறைப்படி மீண்டது.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை புதைந்து கிடக்கின்றது. பெயரைக் காத்தது பெருமூச்சன்று. நாள்தோறும் அதனை வாயாரச் சொல்லிய வழக்கமே காத்தது. புழங்கும் பொருள் வாழும். புழங்காத பொருள் எத்துணைப் போற்றப்பெறினும் மாயும். பெயருக்குப் பொருந்திய இவ்விதி சந்தைக்கும் பொருந்தும், மொழிக்கும் பொருந்தும்.

இனி, அடுக்கப்படும் குறைகளை ஆராய்வோர்க்கு அவற்றுட் பல நில்லாமை புலப்படும். பழைய ஈரத்தரையும் மீன்வாடையும் போயினவே என்று ஏங்குவோர் உளர். அந்த ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த முதியவர் எவரும் அவ்வாறு ஏங்கமாட்டார். விடியற்காலையிலேயே வந்து இரவல் வெளிச்சத்தில் மீன் வெட்டி, அடைத்த சாக்கடையின் ஓரத்தில் நின்று உழைத்த கடைக்காரரும் ஏங்கமாட்டார். வாங்குவோர்க்கு அரைமணி நேரக் காட்சியாக இருந்தது, விற்போர்க்கு வாழ்நாள் முழுவதும் துன்பமாக இருந்தது. 2008ஆம் ஆண்டில் சந்தை மூடப்பட்டு மறு ஆண்டில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டதும், 2023ஆம் ஆண்டில் மூன்று திங்கள் மூடிச் சீரமைக்கப்பட்டதும் அத்துன்பம் குறையவேயன்றி எவர் நினைவையும் அழிக்க அல்ல.

விலை எழுதிய அட்டையைக் குறை கூறுவோரும் உளர். பேரம் பேசும் இன்பம் போயிற்று என்பது அவர் வாதம். அவ்வின்பம் யாருக்கு இருந்தது? கடைக்காரரை நன்கறிந்தவர்க்கு இருந்தது. புதிதாய் வந்த மருமகளுக்கும், வேலை தேடி வந்த தொழிலாளிக்கும், வாயடக்கம் உள்ள ஏழைக்கும் அது இல்லை. ஒரே கீரைக்கட்டு ஒருவருக்கு ஒரு வெள்ளி, மற்றவருக்கு ஒன்றரை வெள்ளி என்பது இன்பமாயின், அதற்குரிய விலையை அறியாதவர் அன்றோ கொடுத்தார்? அட்டை தொங்குவதால் உரையாடல் ஒழிந்துவிடுவதும் இல்லை. விலையைப் பற்றிப் பேச வேண்டாதவர் காயைப் பற்றிப் பேசலாம். சமையலைப் பற்றிப் பேசலாம். பேச மனமிருந்தால் போதும்.

நியாயமான குறைகளும் இல்லாமல் இல்லை. சந்தை மூடப்படும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் வருவாய் நின்றுவிடுகின்றது. அவ்விடைவேளையில் பேரங்காடிக்குப் பழகிய வாடிக்கையாளர் சிலர் திரும்புவதே இல்லை. முதுமையுற்ற கடைக்காரர் ஓய்வு பெறும்போது அத்தொழிலை ஏற்க மக்கள் முன்வருவது அரிதாகிவிட்டது. இவற்றிற்குப் பொறுப்பாளர் தீர்வு காணத்தான் வேண்டும். ஆயினும், படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை மீன்கடையில் நிற்பதை இழிவாகக் கருதும் குடும்பங்களே, அக்கடை மூடப்படும் நாளில் பண்பாடு அழிந்தது என்று முழங்குவது எவ்வகை நேர்மை?

இனி, தமிழாசிரியரும் மாணவரும் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. வீட்டினின்று ஒதுங்கும் தமிழுக்கு எஞ்சியிருக்கும் பொதுவிடங்கள் மிகச் சில. கோயில் ஒன்று, வகுப்பறை ஒன்று, சந்தை ஒன்று. கோயிலில் தமிழ் வழிபாட்டுக்கு, வகுப்பறையில் தேர்வுக்கு, சந்தையிலோ அது வயிற்றுக்கு. அம்மூன்றனுள் உயிர்ப்பு மிக்கது எது என்று சொல்ல வேண்டுவதில்லை.

கீரை ஒரு கட்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, வெற்றிலை ஒரு கவுளி, மல்லிகை ஒரு முழம் என்று அளவுதோறும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழி தமிழ். முருங்கைக்காய் முற்றலா இளசா, கத்தரி பிஞ்சா சொத்தையா, கீரை வாடலா தளிரா என்று பண்புதோறும் சொல் உண்டு. அகராதியில் இச்சொற்கள் உறங்குகின்றன; தேக்காவின் கடைப்பலகைகளில் அவை விழித்திருக்கின்றன. பேரங்காடியிலோ எல்லாம் எடையால் அளக்கப்பட்டுப் பொதியப்பட்டுக் கிடக்கின்றன. அங்குச் சொல்லுக்கு வேலையே இல்லை.

'சந்தையில் ஒரு நாள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் அரியர். 'மக்கள் கூட்டம் அலைமோதியது' என்று தொடங்கி, 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' என்று முடிக்கும் அக்கட்டுரைகளை எழுதுவோருட் சந்தையைக் கண்ணாற் கண்டவர் எத்துணைப் பேர்? பாகற்காயைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்குக் கசப்பு என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு சொல்லே. அப்பிள்ளையின் கையில் ஐந்து வெள்ளியைக் கொடுத்து, ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கால் கிலோ சின்ன வெங்காயமும் தமிழிலேயே கேட்டு வாங்கி வரச் சொல்லும் ஆசிரியர், பயிற்றுநூலின் பத்துப் பக்கங்கள் செய்யாததைச் செய்தவராவார். பிள்ளை தடுமாறும், கடைக்காரர் சிரிப்பார், சொல்லைத் திருத்துவார், மிச்சக் காசோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வைத்துக் கொடுப்பார். அத்தடுமாற்றமே கல்வி.

தேக்கா பலமுறை மாறிற்று; இனியும் மாறும். சாலை கடந்தும், பெயர் இழந்தும் பிழைத்த சந்தை அது. வெளுத்த தரையாலும் விலையட்டையாலும் அது சாகப் போவதில்லை. வாங்க வருவோர் இல்லாத ஒரு காலைப் பொழுதில்தான் அது சாகும். அதன்பொருட்டுக் கண்ணீர் விடுவோர் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பையை எடுத்துக்கொண்டு புறப்படட்டும். போக மனமில்லாதவர் புலம்பலையேனும் நிறுத்தட்டும்.