என்ஜினீயர் பட்டத்துக்குப் பிறகு ஒரு வாசல்!
பொங்கலுக்குப் பின் வரும் "கேட்" பரீட்சை: வீட்டில் உள்ளவர்கள் அறிய வேண்டியது என்ன?

காரைக்கால் பகுதியில், கடலோரத்தில் இருக்கும் ஊர் திருவேட்டக்குடி. திருஞானசம்பந்தர் பாடிய சிவன் கோவில் உள்ள ஊர். இன்று அது கல்வியாலும் பெயர் பெற்றிருக்கிறது. புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.) இங்கேதான் இருக்கிறது. 2010-ல் திருச்சி என்.ஐ.டி.யில் வகுப்புகளைத் தொடங்கிய இந்தக் கழகம், பிறகு காரைக்காலுக்கு வந்தது.

பொங்கல் முடிந்தால் இங்கே கடைசி ஆண்டு மாணவர்கள் பலருக்கு ஒரே கவலைதான். "கேட்" பரீட்சை!

"கேட்" என்றால் என்ன?

"கேட்" என்றால் வாசல். என்ஜினீயர் பட்டம் பெற்றவர்கள் எம்.டெக். என்ற மேற்படிப்பில் சேர, பெரிய கல்வி நிலையங்களின் வாசலைத் திறக்கும் பரீட்சை இது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நடக்கும்.

மொத்தம் 65 கேள்விகள். 100 மார்க்கு. 3 மணி நேரம். காகிதம் இல்லை, கம்ப்யூட்டரில்தான் விடை தர வேண்டும். கேள்விகள் இங்கிலீஷில்தான் வரும்.

2024-ல் சுமார் ஆறரை லட்சம் பேர் எழுதினார்கள். தேறியவர்கள் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். அதாவது, ஐந்து பேரில் ஒருவர்!

ஏழைக் குடும்பத்துக்கு என்ன லாபம்?

மீன் பிடிப்பவரின் மகனோ, கூலி விவசாயியின் மகளோ பட்டம் வாங்கிவிட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி "வேலை எப்போது?" என்பதுதான். "இன்னும் இரண்டு ஆண்டு படிக்கிறேன்" என்றால் தாய் தகப்பனுக்குத் திகைப்பாக இருக்கும்.

"கேட்" தேறி எம்.டெக். இடம் பிடித்தவர்களுக்கு மாதம் ரூ.12,400 உபகாரச் சம்பளம் உண்டு. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ரூ.2,97,600 ஆகிறது. சிக்கனமாக இருந்தால் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் வீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மேற்படிப்பு வேண்டாம் என்றாலும், என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் இந்த மார்க்கைப் பார்த்து ஆள் எடுத்திருக்கின்றன.

ஆனால், தேறினால் மட்டும் போதாது. நல்ல இடத்துக்கு நல்ல மார்க்கு வேண்டும்.

குருட்டு விடை கூடாது!

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், தப்பு செய்தால் மூன்றில் ஒரு பங்கு மார்க்கு கழியும். நான்கு ஒரு மார்க்குக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை தருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சரியாக இருந்தால் 1 மார்க்கு வரும். மற்ற மூன்றும் தப்பு என்றால் 1 மார்க்கு போகும். மிச்சம் பூஜ்யம்!

இரண்டு விடைகள் தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால், மற்ற இரண்டில் ஒன்றைத் துணிந்து எழுதலாம். அப்போது லாபத்துக்கு இடம் உண்டு. எண்ணாக விடை தரும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது. அவற்றை வெறுமனே விட்டுவிடக் கூடாது.

பொது அறிவுத்திறன் பகுதிக்கு 15 மார்க்கு. கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கணக்கு. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான இதைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஐந்து பேரில் ஒருவர் தேறும் பரீட்சையில் 15 மார்க்கு சிறிய விஷயமா?

கடைசி மூன்று வாரம்

இந்த நேரத்தில் புதுப் புத்தகம் வேண்டாம். பழைய கேள்வித் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் அவற்றை எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு, செய்த தப்புகளை ஒரு நோட்டில் குறித்து, அவற்றை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும். பரீட்சைக்குக் கையடக்கக் கால்குலேட்டர் கொண்டு போக முடியாது. திரையில் தெரியும் கால்குலேட்டரில்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கும் பழக்கம் தேவை.

பெற்றோருக்கும் வேலை உண்டு. "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லாதீர்கள். வேளைக்குச் சாப்பாடு, இரவில் நல்ல தூக்கம், வீட்டில் கொஞ்சம் அமைதி. இவை போதும்.

இந்த ஆண்டு நழுவினால் அடுத்த ஆண்டும் எழுதலாம். ஒரு முறை வாங்கிய மார்க்கு மூன்று ஆண்டுகள் செல்லும். இது ஒரு வாசல்தான். இதைத் தட்டாமல் வேலைக்குப் போய் முன்னேறியவர்களும் ஏராளம். பிள்ளை தட்ட விரும்பினால், பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுங்கள்!