கூப்பன் காட்டும் மிச்சமும் அலமாரியில் இருக்கும் மிச்சமும்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது மஹல்லா இளைஞர் ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், பாருங்க, ஒரே ஆர்டர்ல 150 ரூபாய் மிச்சம்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். நாமும் பில்லை வாங்கிப் பார்த்தோம். வீட்டில் கேட்டது ஒரு லிட்டர் எண்ணெயும் அரை கிலோ பருப்பும்தான். இரண்டும் சேர்ந்து 260 ரூபாய். 799 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் கூப்பன் செல்லும் என்பதால் சிப்ஸ், சாஸ், உறைய வைத்த பரோட்டா, இரண்டு குளிர்பானம் என்று கூடை 812 ரூபாய்க்கு நிறைந்திருந்தது. கூப்பனில் 150 கழிந்தது. கையாளும் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று 18 ஏறியது. கட்டிய தொகை 680.

260 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு 680 ஆனது. இதற்கு மிச்சம் என்று பெயர்!

அவரைக் குறை சொல்ல நமக்கும் தகுதியில்லை. அதே வாரம் நம் வீட்டு அலமாரியைத் துடைத்தபோது பிரித்த சேமியா பாக்கெட் மூன்று, போன ரமளானில் வாங்கிய கடற்பாசி, வண்டு வைத்த பாசிப்பருப்பு, தேதி முடிந்த கஸ்டர்டு மாவு டப்பா ஒன்று எல்லாம் வெளியே வந்தன. ஏதோ ஒரு சலுகையின் பெயரால் நாமே வீட்டுக்குத் தூக்கி வந்தவை அவை.

விலைவாசி ஏறிவிட்டது என்பது எல்லோரும் சொல்வது. அது பொய்யல்ல. ஆனால் பணம் எதில் கரைகிறது என்று பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் 47 விழுக்காடும் நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடும் உணவுக்குப் போகின்றன. அந்த உணவுச் செலவில் முதலிடம் அரிசிக்கும் இல்லை, பருப்புக்கும் இல்லை. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் என்ற பிரிவுதான் முதலிடம். நகரத்தில் மொத்தச் செலவில் 11 விழுக்காடு அதற்கே போகிறது. தானியங்களுக்கு ஆவது அதில் பாதிகூட இல்லை. கடைத்தெரு டீயும் ஓட்டல் சாப்பாடும் இந்தப் பிரிவில் சேர்ந்தவைதான். எனினும் நம் வீடுகளில் பிரியாணி அரிசியின் விலையைப் பற்றி நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட பாக்கெட் தின்பண்டத்தின் விலையைப் பற்றி நடப்பதில்லை.

கூப்பன் பெரும்பாலும் விழுவதும் அந்தப் பிரிவில்தான். அரிசி, பருப்பு, சர்க்கரையில் வியாபாரிக்கு லாபம் சொற்பம். அதில் அவர் எதை விட்டுக்கொடுப்பார்? லாபம் அதிகமுள்ள பொருளில்தான் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போட முடியும்.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய், நூடுல்ஸ், பாதாம், பேரீச்சம்பழம் 12-லிருந்து 5-க்கு வந்தன. பரோட்டாவுக்கு வரியே இல்லாமல் போய்விட்டது (பரோட்டா ரொட்டியா இல்லையா என்று வரித்துறையும் வணிகர்களும் சில ஆண்டுகள் வழக்காடிய வேடிக்கை இத்துடன் முடிந்தது). நல்ல செய்திதான். ஆனால் அன்றாட அடுப்புக்குப் போகும் பொருள்களில் மாற்றமில்லை. சமையல் எண்ணெய், சர்க்கரை, தேயிலை ஆகியவற்றுக்கு முன்பும் 5, இப்போதும் 5. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலையில் வந்த 5 விழுக்காடு அப்படியே நிற்கிறது. அதே அரிசியையும் பருப்பையும் மூட்டையிலிருந்து அளந்து சில்லறையாக வாங்கினால் வரி கிடையாது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் கிடையாது. கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை அடுக்கியிருப்பதன் ரகசியம் இதுதான். ஆக, தெருமுனை மளிகைக் கடை பாய் தராசில் நிறுத்துக் கொடுக்கும் பருப்பிலேயே 5 விழுக்காட்டுத் தள்ளுபடி இருக்கிறது. அதற்குக் கூப்பன் எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

எண்ணெய் விலை தனிக்கதை. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரியை ஒரேயடியாக 20 விழுக்காடு ஏற்றினார்கள். எண்ணெய் வித்து விவசாயிகளைக் காக்க என்று காரணம் சொல்லப்பட்டது. விலை எகிறவே 2025 மே மாத இறுதியில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்தை எந்தக் கூப்பனும் சரிக்கட்டாது. நம் கையில் இருப்பது வாணலியில் ஊற்றும் அளவு மட்டுமே. வெளிப்படையாகச் சொன்னால், நம் சமுதாயத்தின் சமையலில் எண்ணெய் தாராளம். ஆணத்தின் மேல் எண்ணெய் மிதந்தால்தான் விருந்தாளிக்கு மரியாதை என்ற நினைப்பு பர்ஸுக்கும் கேடு, இதயத்துக்கும் கேடு.

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. அதிகபட்ச விலைதான். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே சட்டம். அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. மதுரை கீழமாசி வீதியிலோ திருச்சி காந்தி மார்க்கெட்டிலோ பல பொருள்கள் சாதாரண நாளிலேயே எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்கின்றன. 'எம்.ஆர்.பி.யில் 30 விழுக்காடு தள்ளுபடி' என்று திரையில் மின்னும்போது, பக்கத்துக் கடையில் அது என்ன விலை என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கக் காட்டி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்குபவரின் கண்ணை ஏமாற்றுவது அன்றைய சந்தையிலும் இருந்திருக்கிறது.

இதற்கு எளிய மாற்று பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டர் என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. எம்.ஆர்.பி.க்கு அருகிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அரை கிலோ பாக்கெட் 95 ரூபாய், ஒரு கிலோ 'குடும்ப பேக்' 198 ரூபாய் என்றால் எது மலிவு? பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிப் பழகிய கை தானாகவே பெரியதை எடுக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டில் நடப்பது இன்னும் நுட்பமானது. விலை அப்படியே இருக்கும், உள்ளே எடை குறையும். பிள்ளைகளுக்கு இந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழக்கிவிட்டால் கணக்குப் பாடமும் ஆயிற்று.

செயலிகளின் தந்திரங்களைப் பற்றி நாம் மட்டும் புலம்பவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை விதித்தது. 'இன்னும் இரண்டே நிமிடம்தான்' என்ற பொய் அவசரம், கேட்காத பொருளையோ கட்டணத்தையோ கூடைக்குள் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில்தான் முழு விலையைக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்யுமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. கேட்காத கட்டணம் ஏறியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பதினைந்து ரூபாய்க்குப் புகாரா என்று நாம் விட்டுவிடுவதை நம்பித்தான் அந்தப் பதினைந்து ரூபாய் ஏறுகிறது.

கூப்பன் பயன்படுத்துவது மார்க்கப்படி கூடுமா என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. வியாபாரி தானாக முன்வந்து குறைக்கும் விலை அன்பளிப்புப் போன்றது, அதில் தடையில்லை. பணம் கட்டி வாங்கும் சுரண்டல் அட்டையில் பரிசு விழலாம், விழாமலும் போகலாம் என்றால் அது சூதாட்டத்தின் பக்கம் சாய்கிறது, விலகிவிட வேண்டும். நமக்குக் கவலை மூன்றாவது வகையில்தான். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற பெயரில் மளிகைக்கே கடன் தந்து, அதற்குத் தனிக் கூப்பனும் தருகிறார்கள். தவணை தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும். மகளின் கல்யாணத்துக்கு வட்டிக்கடன் வேண்டாம் என்று உறுதியாக நின்ற குடும்பங்கள், நூறு ரூபாய் தள்ளுபடிக்காக மிளகாய்த்தூளை அந்தக் கடனில் வாங்குவதைப் பார்க்கிறோம். இதில் நாம் தளர்த்திச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, உண்மையான மிச்சம் எங்கே? முதலில் ரேஷன் கடையில். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் அதே பருப்புக்கு மூன்று நான்கு மடங்கு கொடுக்கிறோம். வெளிநாட்டு வருமானம் வரும் வீடுகளில் ரேஷன் பருப்பை வாங்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். தாளிச்சாவில் கத்தரிக்காயும் எலும்பும் சேர்ந்து வெந்த பிறகு அது எந்தக் கடைப் பருப்பு என்று யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்தது நம் வீட்டு அலமாரி. இருப்பதைப் பார்த்துச் சமைப்பது நம் பாட்டிமார்களுக்கு ஒரு கலை அல்ல, பழக்கம். கடலோர ஊர்களில், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற இடங்களில், மாசியும் கருவாடும் ஊறுகாயும் வீட்டில் இருந்தால் மழைக்காலத்தில் மீன் வராத நாளும் சாப்பாட்டுக்குக் குறையில்லை. புளியைக் கரைத்து வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப் போட்டால் புளியாணம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருவாடு. பக்கத்தில் கடை இருந்தும் போக மாட்டார்கள். இன்று பத்து நிமிடத்தில் பொருள் வந்துவிடும் என்பதாலேயே, அலமாரியைத் திறந்து பார்க்கும் முன் கை கைப்பேசிக்குப் போகிறது.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஏதும் உண்டா என்று வீட்டில் கேட்டார்கள். காடியைத் தவிர வேறில்லை என்றார்கள். அதையே வரவழைத்து, அதைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டதாக முஸ்லிம் ஹதீஸ் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதே நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவைச் சேமித்து வைத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சேமிப்பது வேறு, விலையேற்றத்துக்காகப் பதுக்குவது வேறு. முன்னது ஆகும், பின்னது பாவம். வாங்கி வைத்து வண்டு தின்னக் கொடுப்பது இரண்டிலும் சேராது. அது வீண்விரயம்.

நம் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தின் கடைசி வாரத்தில் பால், காய்கறி, முட்டை தவிர வேறெதுவும் வாங்குவதில்லை. அலமாரியில் இருப்பதை ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். முதல் மாதம் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். சேமியா மூன்று நாள் வந்தது: ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் பாயசம், மூன்றாம் நாள் முட்டையும் மிளகும் போட்டுக் கிளறியது. மீந்த சோறு இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் பழையசோறு. குர்பானி இறைச்சியில் காயவைத்த உப்புக்கண்டம் கொஞ்சம் இருந்தது, அது தேங்காய்த் துவையலோடு ஒரு வேளை. கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அந்த மாதம் மளிகைச் சிட்டை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதற்கடுத்த மாதம் அவ்வளவு குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அலமாரியில் மிச்சம் கிடக்கவில்லை.

இதில் சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுகிறது என்பது உண்மை. ஆர்டர் போடுவது ஆண்கள், அதைக் கெடாமல் தீர்ப்பது பெண்கள் என்ற ஏற்பாடு அநியாயம். சிட்டை எழுதும்போது கணவர் பக்கத்தில் உட்காரட்டும். அலமாரியைத் துடைக்கும்போது ஏணியைப் பிடிக்கட்டும்.

ரமளான் நெருங்கும்போது சலுகைகளும் பெருகும். நோன்பு மாதத்தில்தான் பல வீடுகளில் மளிகைச் செலவு உச்சத்துக்குப் போகிறது. பகல் முழுக்கச் சாப்பிடாத மாதத்தில் இது எப்படி என்று பிறமத நண்பர்கள் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பேருக்குக் கொஞ்சம் கறி, தேங்காய்ப்பால். பணக்காரரும் ஏழையும் அதே சட்டியிலிருந்துதான் வாங்கிப் போகிறார்கள்.

பேரீச்சம்பழத்துக்கு மட்டும் ஒரு யோசனை. மஹல்லாவில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து மொத்தக் கடையில் ஒரு பெட்டியாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஷஃபான் முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும், பிறை நெருங்க நெருங்க விலை கூடிவிடும். பெட்டியைத் திறந்து அடி வரிசைப் பழத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பங்கிடும்போது தராசு வைத்துப் பங்கிடுங்கள், கண்ணளவில் வேண்டாம்.