மெல்லக் கற்போர் யார்?

"தெருவுல ஒரு மணிபர்சு கெடக்கு. நீ என்ன செய்வே?"

நாஞ்சில் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் தெருப் பையனிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் செய்முறைப் பயிற்சிக்கு வெளியூரிலிருந்து வந்த உளவியல் முதுகலை மாணவி. பையன் யோசிக்கவே இல்லை. "தொடமாட்டேன் டீச்சர். பாக்காத மாதிரி போயிருவேன்." உரியவரிடம் கொடுப்பேன் என்பதுதான் அவர்கள் வைத்திருந்த சரியான விடை. மதிப்பெண் சுழி. இப்படிப் பல சுழிகளைச் சேர்த்து 'மெல்லக் கற்பவன்' என்று எழுதிப் பின்பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் அம்மா என்னிடம் வந்து சொன்னாள்: "மக்ளே, போன வருசம் ஊருக்குள்ள ஒரு வீட்டுல கொலுசு காணாமப் போனதுக்கு இவனையில்லா பிடிச்சு உக்கார வச்சாவ. பொறவு பாத்தா அது அவிய கட்டிலுக்கு அடியிலயே கெடந்துது. நாந்தான் சொல்லிக் குடுத்தேன், எவன் சாமானம் கெடந்தாலும் குனிஞ்சு பாக்காதேன்னு."

குனிந்தால் களவாணிப் பட்டம் விழும் என்று பத்து வயதில் தெரிந்துவைத்திருப்பது அறிவா, அறிவின்மையா? குழுக் கடனுக்கு இன்னும் எத்தனை வாரம், எவ்வளவு கட்டவேண்டும் என்று அம்மாவுக்கு மனக்கணக்காகச் சொல்கிறவன் அவன். அதைக் கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

அந்த மாணவியை நான் ஏசவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். என் சண்டை சொல்லிக் கொடுத்தவர்களோடு.

1905இல் பிரான்சில் பினேயும் சிமோனும் இந்தச் சோதனையை உண்டாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. அமெரிக்காவுக்குப் போனதும் அது மனிதரைத் தரம்பிரிக்கும் தராசாகிவிட்டது. இங்கே காமத் அதை மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கென்று மாற்றியமைத்தார். மொழியை மாற்றினார்கள், சாதியை என்ன செய்தார்கள்? 1971இல் பெர்னார்ட் கோர்ட் என்ற கரீபிய ஆசிரியர், இங்கிலாந்துப் பள்ளிகள் தம் இனத்துப் பிள்ளைகளை எப்படி மந்தபுத்திக்காரர்களாக ஆக்குகின்றன என்று சிறுநூல் எழுதினார். 1979இல் கலிஃபோர்னியாவில், கறுப்பினக் குழந்தைகளைத் தனிவகுப்பில் தள்ள நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றமே சொன்னது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும். 2006இல் அந்த ஆய்வு வெளியானது. சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே விடை கண்டார்கள். எல்லார் முன்னாலும் சாதியைச் சொன்னபோது அவர்களின் விடைகள் குறைந்தன. மூளை அதே மூளைதான். சாதியைக் கூவியதுதான் புதிது. நம் வகுப்பறைகளில் உதவித்தொகைப் பட்டியல் வாசிக்கிறபோதெல்லாம் நடப்பது இந்தக் கூவல்தானே!

இதையெல்லாம் உளவியல் முதுகலையில் சொல்லித் தருகிறார்களா? எங்கள் தெருவில் ஒரு பெண் எம்.எஸ்சி. உளவியல் முடித்தாள். அவள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம், சாதி ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டது. மருத்துவ உளவியலாளராகப் பதிவுபெற அதற்குமேலும் முழுநேரப் பயிற்சி வேண்டும். வேறு ஊரில் தங்கி, சம்பாத்தியம் இல்லாமல், கட்டணமும் கட்டி யார் படிப்பது? அவள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அந்தப் பையனின் பதிலுக்கு அர்த்தம் தெரிந்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். இங்கிலாந்தில் கல்வி உளவியலாளராக 3 ஆண்டு முனைவர் பயிற்சி. அங்கே அரசு நிதியில் படிப்பவர்களுக்குக் கட்டணமும் கட்டி, கையில் உதவித்தொகையும் தருகிறார்கள். இங்கே ஏன் முடியாது?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வழியில்தான் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனைக் கூடப்படித்தவர்களே வீடுபுகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் நல அலுவலர்கள் வேண்டும் என்றது. வரட்டும். ஆனால் வருகிறவர் யார்? வெட்டியவன் மனசையும் வெட்டுப்பட்டவன் மனசையும் 'வளரிளம்பருவச் சிக்கல்' என்று ஒரே கட்டத்தில் எழுதிவிட்டுப் போகிறவரா?

1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தாரென்றால், வரவழைத்தவர் மகாராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவர். இந்த மண்ணுக்குப் பள்ளிக்கூடம் வர வழிதிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்தா 'மெல்லக் கற்போர்' என்கிறீர்கள்? நூறு வருசத்துக்கு மேலாகியும் சாதி என்ற பாடத்தைப் படிக்காமலிருக்கும் உங்கள் துறையை நாங்கள் என்னவென்று அழைப்பது?

உளவியல் முதுகலையில் சாதியைத் தனித்தாளாக வையுங்கள். பயிற்சியைத் தமிழில் தாருங்கள். பயிற்சிக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுங்கள். எங்கள் தெருவில் ஆறு மாதம் இருந்து, கேட்டுப் பழகிய பிறகு கேள்வித்தாளை எடுங்கள். அதுவரைக்கும் அந்தப் பையனைப் பின்பெஞ்சிலிருந்து எழுப்பி முன்னால் உட்காரவையுங்கள்.