ஏகமனதாக

சென்ற ஆண்டு எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா கட்டாதவர்கள் இனி உள்ளே வந்து பத்திரிகை படிக்கக்கூடாது என்று ஒரு பிரேரணை வந்தது. ஒருவர் பிரேரேபித்தார், ஒருவர் ஆமோதித்தார். அக்கிராசனர், "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த காகிதத்தைக் கையில் எடுத்தார். நான் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்றேன். என்னோடு இன்னும் நான்கு பேர் கை தூக்கினார்கள். எண்ணச் சொன்னேன். கைதட்டலில் அது அமுங்கிப் போயிற்று.

ஒரு வாரம் கழித்துக் கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. காரியதரிசி நல்ல மனிதர். "அஞ்சு பேர்தானே ஸார்? எழுதினாலும் எழுதாவிட்டாலும் தீர்மானம் பாஸ்தான். ஊரிலே ரெண்டு கட்சி என்று எதற்குக் காகிதத்திலே ஏற்றணும்?" என்றார்.

தோற்றுப்போனதில் எனக்குக் குறையில்லை. கூட்டத்துக்குப் போகிறவன் தோல்விக்கும் தயாராகத்தான் போகிறான். ஆனால் எதிர்த்தவர்களே இல்லை என்று எழுதிவைப்பது பொய். ஒற்றுமைக்காகச் சொன்ன பொய் என்பதால் அது மெய்யாகிவிடாது.

சபை விதிகள் என்றாலே வக்கீல்களின் விளையாட்டு என்று நம்மவர்களுக்கு ஓர் இளப்பம். அந்த விதிகள் என்ன சொல்கின்றன? லோக் சபையில் சபாநாயகர் முதலில் குரலைத்தான் கேட்கிறார். அவர் காதால் நிதானித்துச் சொன்ன முடிவை மறுத்தால், தாழ்வாரங்களைக் காலி செய்யச் சொல்லி, மூன்றரை நிமிஷம் பொறுத்து, கேள்வியை மறுபடியும் போட வேண்டும். அப்போதும் மறுத்தால் வாக்குகளை எண்ண வேண்டும். வீணாகக் கேட்கிறார்கள் என்று தோன்றினால், இரு தரப்பாரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளையாவது எண்ணலாம். காது ஏமாறும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

1979 மார்ச் 28 அன்று லண்டனில் காலஹன் மந்திரிசபை 311க்கு 310 என்று தோற்றது. 1999 ஏப்ரல் 17 அன்று டில்லியில் வாஜ்பாய் மந்திரிசபை 269க்கு 270 என்று தோற்றது. அந்த ஒற்றைக் குரல் எந்தக் காதுக்குக் கேட்டிருக்கும்?

அதே டில்லியில் 2020 செப்டம்பர் 20 அன்று ராஜ்ய சபையில் இரண்டு விவசாய மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. எதிர்த்தரப்பார் எண்ணச் சொன்னார்கள். சபையில் ஒழுங்கு இல்லை, தம் இடத்திலிருந்து கேட்கவில்லை என்று காரணம் சொல்லி எண்ணாமல் விட்டார்கள். அமளி நடந்தது உண்மைதான். எண்ணியிருந்தாலும் மசோதாக்கள் நிறைவேறியிருக்கலாம். அப்படியானால் எண்ணுவதில் என்ன நஷ்டம்? எண்ணாததால், ஜெயித்தவர்களுக்கும் தாங்கள் எத்தனை பேரால் ஜெயித்தோம் என்று காட்ட ஓர் எண் இல்லாமல் போயிற்று. விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் டில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் விவாதமே இல்லாமல் ரத்தாயின. வரும்போதும் எண்ணவில்லை, போகும்போதும் பேசவில்லை.

எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் சபை நடக்காது என்பீர்கள். சரிதான். காப்பிச் செலவுக் கணக்குக்கு யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஒருவன் எழுந்து கேட்டால் எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் தீர்மானம் அமுலுக்கு வந்த மறுநாள், தினம் மாலையில் பத்திரிகை படிக்க வரும் கொத்தனார் ஒருவர் வாசற்படியோடு திரும்பிப் போனார். இத்தனை பெரிய ஊரில் தமக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினால் அவருக்கு அத்தாட்சியும் கிடைக்கும்.

வருகிற ஆண்டுக் கூட்டத்தில், வழக்கப்படி, முந்திய கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஊர்ஜிதம் செய்வார்கள். அப்போது ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன்: 'ஏகமனதாக' என்பதை அடித்துவிட்டு, 'ஐந்து பேர் எதிர்த்தனர்' என்று எழுத வேண்டும். அதற்கும் கைதட்டுவார்கள். தட்டட்டும். இந்த முறை எண்ணி முடிக்கும்வரை நான் உட்காருவதாக இல்லை.