கார் விக்கிரகம் அல்ல

பழைய பொருள்களிடம் பக்தி கொண்டவர்களை நான் கேலி செய்பவனல்ல. ஆனால் அந்தப் பக்தி முற்றிப்போய், பொருளுக்குச் சொந்தக்காரனையே பார்த்து "தொடாதே!" என்று அதட்டத் தொடங்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மோட்டார் கார்களின் உலகத்தில் அப்படிப்பட்ட பக்தர்கள் பெரும் கூட்டமாக இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போடுவதற்காகவே இதை எழுதுகிறேன். சண்டைக்குக் காரணம், சூப்பர்சார்ஜர் என்ற ஒரு யந்திரம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எம்.ஜி.பி. என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்திலுள்ள ஆபிங்டன் என்ற ஊரில் 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். பிரபுக்களுக்கென்று பிறந்த கார் அல்ல அது. பள்ளி ஆசிரியரும் ஆபீஸ் குமாஸ்தாவும் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் வாங்கிவிடக் கூடிய கார். 1798 சி.சி. இஞ்சின், சுமார் 95 குதிரைச் சக்தி. இதை வைத்திருப்பவர்களில் சிலர், வீட்டுக் கொட்டகையிலேயே, தங்கள் கையாலேயே இஞ்சினுக்கு ஒரு சூப்பர்சார்ஜரைப் பூட்டிக்கொள்கிறார்கள். இது மகாபாதகம் என்கிறது பக்தர் கூட்டம். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியேதான் கார் இருக்க வேண்டுமாம். ஒரு திருகாணிகூடப் புதிதாக ஏறக் கூடாதாம்.

கதை எழுதுகிறவனுக்குக் கார்க் கொட்டகையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மனிதன் ஒரு பொருளின் மேல் ஆசை வைத்து, அதனோடு மல்லுக்கட்டி, கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் எனக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

முதலில் அந்த யந்திரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இஞ்சினுக்கு ஆகாரம் பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். பெட்ரோல் பாதிதான்; அது எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண இஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே புகுகிற காற்றைக்கொண்டு திருப்தியடைகிறது. சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை வலிந்து ஊட்டுகிறது. ஒரு பெட்டிக்குள் இரண்டு உருளைகள், ஒன்றோடொன்று உரசாமல் எதிர் எதிராகச் சுழலும். இஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அவற்றைச் சுழற்றும். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியபோது மோட்டார் காரே பிறக்கவில்லை. உலைக்களத்துக்கு ஊத வந்த துருத்தி அது. பிற்பாடு காருக்கு மூச்சு ஊதப் போயிற்று.

இந்தத் துருத்தியை எம்.ஜி. காரில் பூட்டுவது அதன் குலாசாரத்துக்கு விரோதம் என்பவர்கள் அதன் குலத்தை அறியாதவர்கள். 1933-ல் நுவோலாரி என்ற இத்தாலிய வீரர் அல்ஸ்டரில் டூரிஸ்ட் டிராபிப் பந்தயத்தை வென்றது, சூப்பர்சார்ஜர் பூட்டிய எம்.ஜி. கே-3 காரில்தான். 1939-ல் கோல்டி கார்ட்னர் ஜெர்மனியில் டெஸ்ஸாவ் நகருக்கு அருகே மணிக்கு 203 மைல் வேகம் போனதும் சூப்பர்சார்ஜர் வைத்த எம்.ஜி. காரில்தான், இஞ்சினோ வெறும் 1100 சி.சி. அதோடும் விட்டார்களா? வந்த இடத்திலேயே இஞ்சினின் சிலிண்டர்களைக் கொஞ்சம் குடைந்து பெரிதாக்கி, அடுத்த பிரிவின் சாதனையையும் இரண்டே நாளில் முறியடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். "தொடாதே" என்று சொல்ல அன்றைக்கு அங்கே யாரும் இல்லை.

எம்.ஜி.பி.யின் சொந்தக் கதையும் இதுதான். அந்தக் காருக்குள் எட்டு சிலிண்டர் ரோவர் இஞ்சினைத் தொழிற்சாலை வைத்தது 1973-ல். அதற்கு முன்பே கென் காஸ்டெல்லோ என்ற தனி மனிதர் அதே காரியத்தைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். தொழிற்சாலை பின்னால்தான் வந்தது. அப்படியானால் எது அசல், எது கலப்படம்? பக்தர்கள்தாம் சொல்ல வேண்டும்.

எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான சாட்சி இருக்கிறார். அவரை மறைத்துவிட்டு நான் வாதாடுவது நியாயமல்ல. அவர் டபிள்யூ. ஓ. பென்ட்லி, தம் பெயரையே கார்களுக்குச் சூட்டிய மேதை. அவருடைய நாலரை லிட்டர் காருக்கு சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்று டிம் பர்க்கின் என்ற பந்தய வீரர் பிடிவாதம் பிடித்தார். பென்ட்லிக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. சக்தி வேண்டுமானால் இஞ்சினைப் பெரிதாக்கு, இருக்கிற இஞ்சினைத் திணறடிக்காதே என்பது அவர் கட்சி. ஆனால் டோரதி பேஜட் என்ற செல்வச் சீமாட்டி பர்க்கினுக்குப் பணம் கொடுத்தாள். கம்பெனித் தலைவர் அனுமதி கொடுத்தார். 1930-ல் லெமான்ஸ் பந்தயத்தில் என்ன நடந்தது? சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களில் ஒன்றுகூடக் கடைசிவரை ஓடவில்லை. பென்ட்லியின் பெரிய இஞ்சின் கார்கள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தன.

பார்த்தாயா என்கிறார்கள் பக்தர்கள். பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது வேறு. 24 மணி நேரம் விடாமல் விரட்டுகிற பந்தயத்தில் அந்த இஞ்சின் தாங்கவில்லை என்பதை அந்தக் கதை ருசுப்படுத்துகிறது. தன் காரில் கை வைக்க ஒருவனுக்கு உரிமை இல்லை என்பதை அது எங்கே ருசுப்படுத்துகிறது? மிச்சக் கதையையும் கேளுங்கள். பர்க்கின் தனியாக ஓட்டிய அந்த சூப்பர்சார்ஜர் பென்ட்லி 2012-ல் 50 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. 2019-ல் பென்ட்லி கம்பெனியே, அந்த பிளோயர் காரைப் போலவே 12 கார்களைப் புதிதாகச் செய்யப் போவதாக அறிவித்தது. படைத்தவர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்ட மாற்றம், இன்றைக்குக் கர்ப்பக்கிருகத்தில் வீற்றிருக்கிறது! பணக்காரன் செய்த மாற்றம் நூறு வருஷத்தில் சரித்திரமாகிவிடுகிறது. பள்ளி ஆசிரியர் செய்தால் மட்டும் பாதகம். இந்த இரட்டைத் தராசைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

இன்னொரு கூட்டம் சுற்றி வளைக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது: "மாற்றினால் விலை குறைந்துவிடும்." அடடா, பக்தி என்று நினைத்தேன், கடைசியில் வட்டிக்கடைக் கணக்கா! கொட்டகையில் போர்த்தி வைத்து, விலை ஏற ஏறக் கணக்குப் பார்ப்பவன் கார் வைத்திருக்கவில்லை. நாலு சக்கரம் வைத்த சேமிப்புப் பத்திரம் வைத்திருக்கிறான். அவனுக்கு மற்றவனைக் குறை சொல்ல என்ன யோக்யதை?

இங்கிலாந்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் தம் எம்.ஜி.பி.க்கு இதைச் செய்திருக்கிறார். காரின் பழைய இரட்டைக் கார்புரேட்டர்களையும், அவை பொருந்தியிருந்த குழாய்த் தொகுதியையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருந்தார். இரண்டு நாள் வேலையில் கார் பழையபடி ஆகிவிடும். உடம்புத் தகட்டில் ஓரிடத்திலும் வெட்டு இல்லை. "என் பேரனுக்குப் பிடிக்காவிட்டால் கழற்றிப் போடட்டும்" என்றார். இதைவிட மரியாதையாக ஒரு பழம்பொருளை யார் நடத்துவார்கள்?

ஆனால் ஸ்பானரைத் தூக்கியவர்கள் எல்லோரும் என் கட்சி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பக்தர்களுக்குச் சரிசமமாக நான் வெறுக்கிற இன்னொரு வர்க்கம் உண்டு. விளம்பரத்தைப் பார்த்து, பெட்டியைத் தருவித்து, சனி ஞாயிறில் பூட்டிவிட்டுத் திங்கட்கிழமை சாலையில் பறக்கிறவர்கள். பெட்டிக்குள் யந்திரம் வருகிறது, நட்டு போல்ட்டு எல்லாம் வருகிறது. புத்தி வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. சூப்பர்சார்ஜர் அதன்மேல் ஓர் 6 பவுண்டு ஏற்றினால், ஏட்டுக் கணக்கில் 100-க்கு 40 பங்கு காற்று கூடுகிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும், சூடானால் விரியும், அதில் ஒரு பங்கு போயிற்று. உருளைகளைச் சுழற்ற இஞ்சினே உழைக்க வேண்டும். அதில் ஒரு பங்கு போயிற்று. மிஞ்சுகிற லாபமும் நல்ல லாபம்தான். ஆனால் அதற்கு வரி உண்டு. தொழிற்சாலை அந்த இஞ்சினை ஏற்கெனவே 8.8 மடங்கு அமுக்குகிற மாதிரி செய்திருக்கிறது. அதற்குள் இன்னும் அடர்ந்த, இன்னும் சூடான கலவையைத் திணித்தால், திரி பற்றுவதுபோல ஒரு முனையிலிருந்து பரவ வேண்டிய நெருப்பு, ஒரே வீச்சில் வெடித்துவிடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தவனுடைய பிஸ்டன் ஓட்டையாகும்.

ஆகையால் பெட்டியைத் திறப்பதற்கு முன் பழைய இஞ்சினைச் சோதிக்க வேண்டும். நாலு சிலிண்டரும் ஒத்த அழுத்தம் காட்டுகின்றனவா? வால்வுகள் சரியாக மூடுகின்றனவா? அறுபது வருஷத்து ரேடியேட்டரில் தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா? தளர்ந்த இஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டுவது, ஆஸ்துமாக்காரனை மலை ஏறச் சொல்வதுபோல. இவ்வளவும் தேறிய பிறகு, கார்புரேட்டரின் ஊசியை மாற்றிப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்ட வேண்டும். பாரம் ஏறும்போது பொறி சற்றுப் பிந்தி விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருத்த வேண்டும். சூட்டை விரைவில் கடத்துகிற ஸ்பார்க் பிளக் வேண்டும். பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

இஞ்சின் பாழானால் நஷ்டம் அவனோடு போயிற்று. பிரேக் விஷயம் அப்படியல்ல. மணிக்கு 60 மைலில் போகும் காரை நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தியைப்போல், 80 மைலில் போகும் காரை நிறுத்த ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேண்டும். காரை ஓடவைக்கிற சக்தியைக் கூட்டிவிட்டு, நிறுத்துகிற சக்தியை 1962-லேயே விட்டுவிட்டால், அதன் விலையைச் சாலையைக் கடக்கிற யாரோ ஒரு குழந்தை கொடுக்க நேரும். பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களில் பெரிய மாறுதல் செய்யப்படாதவற்றுக்கு வருஷாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. இதைச் சலுகை என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அது பாரமாகத் தோன்றுகிறது. பரிசோதகர் விலகிக்கொண்டால், அவர் உத்தியோகம் சொந்தக்காரன் தலையில் விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கட்டாயமில்லாவிட்டாலும் அந்த ஆசிரியர் ஆண்டுதோறும் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறார். செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, கூடுதல் பணமும் கட்டுகிறார்.

"இவ்வளவு அவஸ்தை எதற்கு? புதுக் கார் ஒன்று வாங்கினால் இதைவிட வேகமாகப் போகுமே?" என்று கேட்பவர்களும் உண்டு. போகும். இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் கார்களில் பல, சூப்பர்சார்ஜர் பூட்டிய எம்.ஜி.பி.யைச் சுலபமாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் அந்தக் காரின் முன்மூடியைத் திறந்தால் கறுப்பு மூடிகள்தாம் தெரிகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று சொந்தக்காரனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று செய்தவர்களும் நினைக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியும் அவன் அதில் குடியிருக்கிற வாடகைக்காரன்தான். நாம் புழங்குகிற பொருள்களில் பெரும்பாலானவை இப்படி ஆகிவிட்ட காலத்தில், ஒரு யந்திரத்தின் மூச்சு எந்த வழியாகப் போகிறது என்று விரல் நுனியால் அறிந்த மனிதன் எனக்குப் பெரிய மனிதனாகப் படுகிறான். அவனுக்குக் கிடைத்த குதிரைச் சக்தி இனாம். சம்பாதித்தது அந்த அறிவு.

ஆகவே பக்தர்களுக்குச் சொல்லுகிறேன்: உங்கள் காரை நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுங்கள், ஆட்சேபம் இல்லை. அடுத்தவன் கொட்டகையில் எட்டிப் பார்த்துச் சாபம் கொடுக்காதீர்கள். அவசரக்காரர்களுக்கும் சொல்லுகிறேன்: இஞ்சினைச் சோதிக்கவும் பிரேக்கைப் புதுப்பிக்கவும் பொறுமை இல்லையென்றால், அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு கட்சியும் என்னைத் திட்டட்டும். கையில் கரியும், பிரேக்கில் கவனமும், அலமாரியில் சீட்டு ஒட்டிய பழைய பாகங்களும் வைத்திருக்கிற அந்த மூன்றாவது மனிதனுக்குத்தான் என் வோட்டு.