பெரிய கம்பெனி வாங்கப்போகிறதாம்!

"சின்ன கம்பெனிதான் சார். ஆனால் பெரிய கம்பெனி ஒன்று இதை வாங்கப்போகிறது. இப்போதே ஷேரை வாங்கிப் போடுங்கள்." வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி அளந்துவிடுபவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. இங்கிலாந்தின் சிரியஸ் மினரல்ஸ் கதையை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும்.

வட யார்க்‌ஷயரில், விட்பி என்ற கடலோர ஊருக்கு அருகே, பூமிக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பாலிஹாலைட் என்ற தாது இருக்கிறது. பொட்டாசியம், கந்தகம், மக்னீசியம், கால்சியம் நான்கும் சேர்ந்த உரம். அதைத் தோண்டி, 37 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாக டீஸைடுக்குக் கொண்டுபோவது திட்டம். டுபாக்கூர் கம்பெனி அல்ல. உள்ளூர் மக்கள் உட்பட ஏறத்தாழ 85,000 சிறு முதலீட்டாளர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள்.

ஆனால் சுரங்கம் வெட்டப் பணம் போதவில்லை. 2019 மே மாதம் ஒரு ஷேர் 15 பென்ஸ் என்று புது ஷேர்கள் விற்றார்கள். செப்டம்பரில் 50 கோடி டாலர் கடன்பத்திரம் விற்க முயன்று கைவிட்டார்கள். அது விற்றால்தான் 250 கோடி டாலர் வங்கிக் கடன் கிடைக்கும் என்ற நிலை. அரசும் உத்தரவாதம் தர மறுத்தது. ஷேர் விலை ஒரே நாளில் பாதியளவு சரிந்தது.

அப்புறம்தான் பெரிய கம்பெனி வந்தது. 2020 ஜனவரியில் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் கேட்ட விலை, ஷேருக்கு 5.5 பென்ஸ். மொத்தம் சுமார் 40.5 கோடி பவுண்டு.

கணக்குப் போடுங்கள். 15 பென்ஸ் வீதம் 10,000 ஷேர் வாங்கியவர் போட்டது 1,500 பவுண்டு. கைக்கு வந்தது 550. எட்டே மாதத்தில் 950 பவுண்டு போச்சு!

"சந்தை விலையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத்தானே கொடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. எந்த விலையைவிட? அடிமட்டத்துக்கு விழுந்த விலையைவிட. வேண்டாம் என்றால் கம்பெனியே திவாலாகலாம் என்று நிர்வாகமே எச்சரித்தது. மார்ச் மாத வாக்கெடுப்பில் ஏறத்தாழ 80 சதவீதப் பங்குகள் ஆதரவாக விழுந்தன. கழுத்தில் கத்தி இருக்கும்போது தலையாட்டுவதைச் சம்மதம் என்றா சொல்வது?

வதந்தி பரப்புபவர்கள் சொல்லாத விஷயம் இதுதான். பெரிய கம்பெனி வருவது நம்மைக் காப்பாற்ற அல்ல. வரும் என்பது உண்மையாகவே இருக்கட்டும்; எப்போது வரும்? நாம் நொடித்த பிறகு, அடிமாட்டு விலைக்கு. அதுவரை நாம் இலவு காத்த கிளிதான்.

வாங்கியவர் கதையையும் கேளுங்கள். 2024-ல் அந்த ஆங்கிலோ அமெரிக்கனையே விழுங்க பிஎச்பி வந்தது. தப்பிப்பதற்காகப் போட்ட மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்தச் சுரங்கத்துக்கான செலவையும் வெட்டினார்கள். வேலை மந்தமாகிவிட்டது.

ஆகவே அடுத்த முறை யாராவது "வாங்கப்போகிறார்கள்" என்று சொன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். கம்பெனி கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? கடன் எவ்வளவு? என்ன விலைக்கு வாங்குவார்கள்?

பதில் இல்லையென்றால் அந்தச் செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். அதை நம்பித் தன் சேமிப்பைப் போடும் ஒருவர் உங்கள் குழுவிலேயே இருப்பார்.