ஒரு வாக்கின் எடை

மக்களாட்சியில் தோட்ட முதலாளிக்கும் ஒரு வாக்குதான். செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளிக்கும் ஒரு வாக்குதான். ஆனால், எல்லா வாக்குகளும் ஒரே எடை கொண்டவையா? சிலாங்கூர் மாநிலத்தைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

2022ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற 15ஆவது பொதுத்தேர்தலில், பாங்கி நாடாளுமன்றத் தொகுதியில் 3 இலட்சத்திற்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். வடக்கே சபாக் பெர்ணாமில் ஏறக்குறைய 52,000 பேரே இருந்தனர். இரு தொகுதிகளும் தலா ஓர் உறுப்பினரையே தேர்ந்தெடுத்தன. அப்படியானால், சபாக் பெர்ணாமில் ஒருவரின் வாக்கு, பாங்கியில் ஏறக்குறைய அறுவரின் வாக்குக்குச் சமமாகிறது.

இதற்கு ஒரு நியாயம் கூறப்படுகிறது. புறநகர்த் தொகுதிகள் பரந்தவை. மக்கள் சிதறி வாழ்கின்றனர். எனவே, அங்கு வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம் என்பதே அது. கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணையும் இதற்கு இடமளிக்கிறது. ஆயினும், சலுகைக்கும் ஓர் எல்லை வேண்டும். 1957இல் சராசரியைவிட 15 விழுக்காடு வரையே கூடவோ குறையவோ அனுமதி இருந்தது. 1962இல் அது தளர்த்தப்பட்டது. 1973இல் வரம்பே நீக்கப்பட்டது.

மேலும், இச்சலுகை புறநகர் மக்கள் அனைவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. தோட்டங்களும் கம்பங்களும் நிறைந்த கோலா சிலாங்கூர் தொகுதியில் ஏறக்குறைய 1 இலட்சம் வாக்காளர்கள் இருந்தனர். எனவே, அங்குள்ள தோட்டத் தொழிலாளியின் வாக்கு, சபாக் பெர்ணாம் வாக்கில் பாதி எடையையே பெறுகிறது. அவருடைய பிள்ளைகள் வேலை தேடி நகருக்குக் குடிபெயர்ந்து முகவரியை மாற்றினால், அவர்களது வாக்கின் எடை மேலும் குறையக்கூடும்.

இச்சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 538 தேர்வாளர்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2016இல் ஹில்லரி கிளிண்டன் ஏறக்குறைய 29 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோல்வியடைந்தார்.

எனவே, தொகுதிகளுக்கிடையிலான வேறுபாட்டிற்கு மீண்டும் ஒரு வரம்பு விதிப்பதே முறையாகும். அவ்வரம்புக்குள் புறநகர் மக்களுக்குச் சலுகை தொடரலாம்.

இதில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. தேர்தல் ஆணையம் தொகுதி எல்லைகளைத் திருத்த முன்மொழியும்போது, அத்தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் ஒன்றுகூடி ஆட்சேபம் தெரிவித்தால், ஆணையம் விசாரணை நடத்த வேண்டும். ஒரு தோட்டத்து மக்கள் ஒன்றிணைந்தாலே இந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். இன்று 18 வயதை அடையும் மலேசியர் தானாகவே வாக்காளராகப் பதிவு பெறுகிறார். வாக்களிக்கக் கற்கும் இளைஞர்கள், தங்கள் வாக்கின் எடையையும் அறிந்திருத்தல் அவசியம்.